டர்பன் இறுதிப்போட்டி: மைதானக் குழுவின் நாட்குறிப்பு

25 ஆகஸ்ட் 2025, திங்கள்

வரும் ஞாயிறு 31ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் கால்பந்துக் கோப்பை இறுதி. சாட்ஸ்வொர்த் அணியும் ஃபீனிக்ஸ் அணியும். ஒரே ஊருக்குள் பழைய பகை. ஒரு வீட்டில் மாமன் ஒரு பக்கம், மருமகன் மறுபக்கம். இப்படிப்பட்ட ஆட்டத்தில் தோற்ற பக்கம் மறுநாள் காலையிலேயே காரணம் தேடும். பெனால்டி கட்டம் சரியில்லை, நெட்டில் ஓட்டை, பதிவில் இல்லாத பையனை இறக்கினார்கள் என்று ஏதாவது வரும். அந்த வாசல்களை முன்கூட்டியே அடைத்து வைப்பதுதான் குழுவின் வேலை.

முதலில் நேரம். 3 மணிக்குத் தொடங்கலாம் என்று இரு கிளப்பும் கேட்டன. ஆகஸ்ட் கடைசியில் டர்பனில் சூரியன் 5.40 வாக்கில் மறைகிறது. இந்த மைதானத்தில் விளக்கு இல்லை. கணக்குப் போட்டால்: ஆட்டம் 90 நிமிடம், இடைவேளை 15, கூட்டிக் கொடுக்கும் நேரம் சுமார் 8, கூடுதல் நேரத்துக்கு முன் மூச்சுவிட 5, கூடுதல் நேரம் 30, பெனால்டிக்கு 15 முதல் 20. மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 3 மணிக்குத் தொடங்கினால் கடைசிப் பெனால்டியை இருட்டில் அடிக்க வேண்டும். ஆகவே 2.30. அதற்கு மேல் ஒரு நிமிடமும் தள்ளக்கூடாது.

26 ஆகஸ்ட், செவ்வாய்

பதிவு அட்டைகள். இரு அணி மேலாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒருவர் பட்டியலை மற்றவர் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னோம். புகைப்படம், பிறந்த தேதி, அரையிறுதியில் வாங்கிய சிவப்பு அட்டை, எல்லாம் அங்கேயே தீர்ந்தது. ஆட்டத்துக்குப் பிறகு வரும் முறையீடுகளில் பெரும்பாலானவை ஆள் தகுதி பற்றியவை. முன்பே பார்த்து ஒப்பமிட்ட தாள் கையில் இருந்தால் அவை நிற்காது.

ஜெர்சி: இரண்டு அணிக்கும் சிவப்புதான் பிடிக்கும். குலுக்கலில் முதலில் வந்த ஃபீனிக்ஸ் சிவப்பு, சாட்ஸ்வொர்த் வெள்ளை. கோல்கீப்பர் இருவரும் வேறு நிறம். காலுறையையும் பாருங்கள், கால்கள் சிக்கிக்கொள்ளும் இடத்தில் துணை நடுவர் பார்ப்பது காலுறை நிறத்தைத்தான்.

27 ஆகஸ்ட், புதன்

கோடு போடும் நாள். மைதானம் 100 × 64 மீட்டர். விதியில் 105 × 68தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. நீளம் 90 முதல் 120, அகலம் 45 முதல் 90 வரை இருக்கலாம்.

முதலில் ஒரு கோல் கோட்டில் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். மூலையிலிருந்து அந்தக் கயிற்றில் 12 மீட்டர், பக்கக் கோட்டில் 16 மீட்டர் குறித்து, இரண்டு குறிக்கும் இடையில் சரியாக 20 மீட்டர் வரும்வரை பக்கக் கயிற்றை நகர்த்துங்கள். அப்போதுதான் மூலை செங்கோணம். நான்கு மூலையும் முடிந்ததும் இரண்டு குறுக்களவும் 118.73 மீட்டர் காட்ட வேண்டும். பத்து சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி தொடங்குங்கள். துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும்.

பெனால்டி கட்டத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 16.5 மீட்டரை கோலின் நடுவிலிருந்து அளந்துவிடுகிறார்கள். கம்பத்தின் உள்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். சுலபமான வழி: கோலின் நடுப்புள்ளியில் ஆணி அடித்து, இரு பக்கமும் 9.16 (சிறு கட்டம்), 20.16 (பெரிய கட்டம்) என்று குறியுங்கள். பெனால்டி புள்ளி 11 மீட்டர். அந்தப் புள்ளியை மையமாக வைத்து 9.15 மீட்டர் கயிற்றில் வளைவு. கோடும் கட்டத்தின் பகுதிதான், ஆகவே எல்லா அளவும் கோட்டின் வெளிவிளிம்பு வரை.

மொத்தக் கோடு 700 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீரில் கரையும் மைதானப் பெயின்ட் மட்டும். சுண்ணாம்பு போடாதீர்கள்: சறுக்கி விழும் பையனின் தொடையைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

29 ஆகஸ்ட், வெள்ளி

கிக்குயூ புல்லை 30 மில்லிமீட்டருக்கு வெட்டியாயிற்று. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் மஞ்சளாகிவிடும்.

இன்றைய பெரிய வேலை கூட்டம். இந்த நாட்டில் ஒரே ஊர் கிளப்புகளின் ஆட்டம் என்றாலே ஜோகன்னஸ்பர்க்கின் சொவெட்டோ பகுதி அணிகள் கைசர் சீஃப்ஸும் ஆர்லாண்டோ பைரேட்ஸும்தான். இந்த மே 10 அன்று நம்ம மோசஸ் மபிடா மைதானத்தில் நெட்பேங்க் கோப்பை இறுதியில் சீஃப்ஸ் 2-1 என்று ஜெயித்து, பத்து ஆண்டு கழித்துக் கோப்பை தூக்கியது. அதே இரு அணிகளின் ஆட்டத்தில்தான் 1991 ஜனவரியில் ஆர்க்னி என்ற ஊரில் 42 பேரும், 2001 ஏப்ரல் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் 43 பேரும் நெரிசலில் செத்தார்கள். ஆர்க்னியில் ஒரு கோல் தகராறு, ஒரே பார்வையாளர் மேடையில் கலந்து உட்கார்ந்திருந்த ரசிகர்களிடையே அடிதடியாகி, தப்பி ஓடியவர்கள் வேலியில் நசுங்கினார்கள். எல்லிஸ் பார்க்கில் இடம் நிறைந்த பிறகும் வெளியே நின்ற கூட்டம் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. நம் கூட்டம் சிறியது என்று இதை ஒதுக்கக்கூடாது. வேலிக்கும் பின்னால் தள்ளுபவனுக்கும் நடுவில் சிக்க ஐம்பது பேர் போதும்.

2010ஆம் ஆண்டின் விளையாட்டு நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் குறைந்தது 2,000 பேர் கொள்ளும் இடங்களில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கானது. நம் மைதானம் அதைவிடச் சிறியது என்றாலும் அந்தச் சட்டத்தின் வழியையே பின்பற்றுகிறோம். சாட்ஸ்வொர்த்துக்கு மேற்கு வாசல், ஃபீனிக்ஸுக்குக் கிழக்கு வாசல், நடுவில் காலி மேடை. எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது பூட்டு தொங்கக்கூடாது, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். உள்ளே போனவர்களை எண்ண ஒரு ஆள், இடம் நிரம்பியதும் தெருமுனையிலேயே தடுத்துத் திருப்பி அனுப்ப இன்னொருவர். வாசலில் வைத்து நிறுத்துவது தாமதம். அதற்குள் அங்கே நெரிசல் தொடங்கியிருக்கும்.

30 ஆகஸ்ட், சனி

கிராஸ்பாரின் (கோலின் மேல் குறுக்குக் கம்பம்) உயரத்தை மூன்று இடத்தில் அளந்தோம்: இரு ஓரம், நடு. 2.44 மீட்டர். தெற்குக் கோலில் நடுவில் 2.49 காட்டியது. பார் வளையவில்லை, கீழே கீப்பர்கள் மிதித்து மண் இறங்கியிருக்கிறது. மணலும் மேல்மண்ணும் கலந்து கொட்டி, தண்ணீர் விட்டு, மிதித்துக் கெட்டிப்படுத்தினோம்.

நெட்டைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்தால் தெரியாது. கம்பத்தை ஒட்டிய இரண்டாவது கொக்கியில் கண்ணி அறுந்திருந்தது. பந்து அழுத்தினால் அங்கே ஒரு சாண் திறக்கிறது. பந்து வெளியிலிருந்து அதற்குள் புகுந்தால் கோலாகத் தெரியும், உள்ளிருந்து அதன் வழியே போனால் வெளியே அடித்ததாகத் தெரியும். இங்கே வீடியோ உதவி கிடையாது. அதே தடிமன் நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டியாயிற்று. அடிப்பக்கம் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு முளை.

பந்து மூன்று, மூன்றிலும் ஒரே காற்றழுத்தம், 0.8 பார். விதி 0.6 முதல் 1.1 வரை விடுகிறது. ஆனால் மூன்றும் வேறு வேறாக இருந்தால் கீப்பர்கள் புகார் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

இரு கேப்டனையும் நடுவர் முன்னதாகவே கூப்பிட்டு இந்தப் பருவத்து மாற்றங்களைச் சொல்லிவிட்டார். கீப்பர் பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 விநாடியைக் கை தூக்கி எண்ணிக்காட்டுவார். பெனால்டி அடிப்பவர் தெரியாமல் இரண்டு முறை தொட்டுக் கோலானால் மறுபடி அடிக்க வேண்டும்.

பிற்பகலில் வடகிழக்குக் காற்று ஏறியது. டாஸ் ஜெயித்த சாட்ஸ்வொர்த் பந்தை விட்டு, காற்றோடு அடிக்கும் பக்கத்தைக் கேட்டது, சரியான முடிவு. முதல் பாதியில் அவர்கள் ஒன்று, இரண்டாம் பாதியில் காற்று கிடைத்த ஃபீனிக்ஸ் ஒன்று. 120 நிமிடமும் 1-1.

ஃபீனிக்ஸில் ஒருவர் தசைப்பிடிப்பில் வெளியேறி, மாற்று ஆளும் தீர்ந்து, பத்துப் பேர்தான் மிச்சம். அப்படியானால் சாட்ஸ்வொர்த்தும் ஒருவரை நீக்கிப் பத்தாக்க வேண்டும். பெனால்டி தொடங்கும் முன்பே அவர் பெயரைத் தாளில் எழுதி இரு கேப்டனிடமும் காட்டினோம். இதை விட்டால் சடன் டெத்தில் (ஐந்தைந்து அடித்தும் சமமானால் ஒவ்வொன்றாகத் தொடர்வது) ஒரு அணியில் மோசமாக அடிப்பவர் மட்டும் தப்பித்துக்கொள்வார். முதல் டாஸ் எந்தக் கோல் என்பதற்கு, இரண்டாவது யார் முதலில் என்பதற்கு. 5.04க்குத் தொடங்கி 5.19க்கு முடிந்தது. ஃபீனிக்ஸ் 4-3.

1 செப்டம்பர், திங்கள்

நெட்டை நேற்று மாலையே இறக்கியாயிற்று. விட்டால் பிள்ளைகள் தொங்கி பாரை வளைத்துவிடுவார்கள். பெயர்ந்த புல்லை எல்லாம் மணல் போட்டு மூடினோம். முறையீட்டுக்கு எங்கள் விதிப்படி 48 மணி நேரம், நாளை மாலை வரை. அதுவரை ஃபீனிக்ஸின் பெயரைப் பொறிக்கக் கோப்பை கடைக்குப் போகாது.