500 வருஷமா ஏறாத வாடகை

ஜெர்மனில ஆக்ஸ்பர்க்னு ஒரு ஊரு, மியூனிக் பக்கத்துல. அந்த ஊருக்குள்ள மதில் சுவரு, கேட்டு எல்லாம் வச்சு மஞ்சள் கலர்ல வரிசையா மாடி வீடுங்க இருக்கு, 500 வருஷம் முன்னாடி ஏழைங்களுக்குன்னு கட்டுனது, பேரு ஃபுக்கரை. அங்க ஒரு வீட்டுக்கு வாடகை 88 சென்ட். மாசத்துக்கு இல்லங்க, வருஷத்துக்கு. நம்ம காசுக்கு ஒரு மசால் தோசை விலை. கரண்டு, தண்ணி, ஹீட்டிங்லாம் தனியா கட்டணும், அது வேற, ஆனா வாடகைன்னா அவ்ளோதான்.

பதினோரு மாச அக்ரிமென்ட் முடியுற நேரம் வந்தாலே வயித்தைக் கலக்குற ஆளு நான், அதனால இதைப் படிச்சதும் விட முடியல, எப்படிய்யா இது இன்னும் ஓடுதுன்னு தோண்டிட்டே போனேன்.

இதைக் கட்டுனவரு யாக்கோப் ஃபுக்கர். சாதாரண பணக்காரர் இல்ல, ஐரோப்பாவுலயே பெரிய பேங்கர், செம்பு வெள்ளி சுரங்கம் எல்லாம் கையில வச்சிருந்தவரு. 1519ல ஐந்தாம் சார்லஸ் புனித ரோமப் பேரரசர் பதவிக்கான தேர்தல்ல நின்னப்போ ஓட்டுப் போடுற இளவரசர்களுக்குக் கொடுக்க மொத்தம் எட்டரை லட்சம் குல்டன், அதாவது அந்தக் காலத்துத் தங்கக் காசு, செலவாச்சு, அதுல 5 லட்சத்து 43 ஆயிரம் இவரு கொடுத்த கடன் (ஓட்டுக்குத் துட்டுங்குறது நம்ம ஊரு கண்டுபிடிப்பு இல்லன்னு இதுல ஒரு ஆறுதல்). அப்புறம் 1523ல பேரரசருக்கே லெட்டர் போட்டு, நான் இல்லன்னா உங்களுக்கு அந்தக் கிரீடமே கிடைச்சிருக்காது, என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு கேட்டாரு. அப்பேர்ப்பட்ட ஆளு. போப்பாண்டவர் பேருல பாவமன்னிப்புச் சீட்டு வித்தாங்களே, அந்தக் கலெக்‌ஷன் பணமும் இவரு பேங்க் வழியாத்தான் போச்சு. அதை எதிர்த்துத்தான் 1517ல மார்ட்டின் லூதர் கிளம்புனாரு.

லூதர் கிளம்புன அந்த சமயத்துல ஃபுக்கரைல கட்டட வேலை ஏற்கனவே ஓடிட்டு இருக்கு. 1516ல ஆரம்பிச்சது, 1521ல முறையா சாசனம் எழுதுனாரு. ஆக்ஸ்பர்க் ஊர்க்காரனா இருக்கணும், ஏழையா இருக்கணும், கத்தோலிக்கனா இருக்கணும், பிச்சை எடுக்குறவனா இருக்கக் கூடாது. கை வேலை செஞ்சு பொழச்சு, நோய் நொடின்னு விழுந்துபோன குடும்பங்களுக்குன்னு வச்சது. வாடகை வருஷத்துக்கு ஒரு ரைன் குல்டன், அப்போ அது ஒரு கைத்தொழில்காரரோட ஒரு வாரக் கூலி மாதிரி. கூடவே இன்னொரு வாடகை இருக்கு: தினமும் மூணு ஜெபம் சொல்லணும், நிறுவனருக்காகவும் அவரு குடும்பத்துக்காகவும். இந்த ஜெபம் இன்னைக்கும் கண்டிஷன்ல இருக்கு. எனக்கு இதுல ரெண்டு மனசு. ஏழைக்கு வீடு கொடுத்துட்டு அவன் வாயால தன் ஆத்மாவுக்கு வட்டி வசூல் பண்ற மாதிரி ஒரு பக்கம் தோணுது, மனுஷன் கடைசி வரைக்கும் பேங்கராத்தான் இருந்திருக்காரு. ஆனா 500 வருஷம் கழிச்சு நூத்தி ஐம்பது பேரு போல அந்தக் கூரைக்குக் கீழ தூங்குறாங்கங்குறப்போ நான் யாரு குறை சொல்ல.

ராத்திரி பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிடுவாங்க. லேட்டா வந்தா வாட்ச்மேனுக்கு 50 சென்ட், பன்னெண்டு மணிக்கு மேலன்னா ஒரு யூரோ. அதாவது ஒரு நாள் நைட் ஷோ பாத்துட்டு வந்தா ஒரு வருஷ வாடகைக்கு மேல ஃபைன்! அப்புறம், தெரு விளக்கு இல்லாத காலத்துல இருட்டுல கையால தடவியே தன் வீடு எதுன்னு கண்டுபிடிக்கணும்னு ஒவ்வொரு வாசல்லயும் மணி இழுக்குற கைப்பிடி வேற வேற ஷேப்ல வச்சிருக்காங்க, ஒண்ணு இலை மாதிரி, ஒண்ணு வேற மாதிரின்னு. இசைமேதை மொசார்ட்டோட கொள்ளுத்தாத்தா ஃபிரான்ஸ் மொசார்ட், கொத்தனாரு, அவரும் நொடிச்சுப் போய் இங்கதான் குடி வந்தாரு.

சரி, எப்படி நின்னுச்சு? 1632ல சுவீடன் படை ஊரைப் புடிச்சுது, 1944 பிப்ரவரில குண்டு போட்டு பெரும்பகுதி தரைமட்டம், அதுக்கு சில நாள்லயே திரும்பக் கட்டுறோம்னு குடும்பம் முடிவு பண்ணி, போர் முடிஞ்சதும் இன்னும் பெருசாவே கட்டிட்டாங்க. அது மனசு சம்பந்தப்பட்டது. ஆனா காசு எங்கருந்து வந்துச்சுங்குறதுதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சுது. யாக்கோப் ஆரம்பத்துல இதுக்குன்னு 10,000 குல்டன் ஒதுக்கி வச்சாரு. அந்தப் பேங்க் என்னாச்சுன்னு கேட்டா, ஸ்பெயின் ராஜாக்கள் கடனை வாங்கிட்டு திரும்பத் திரும்ப திவாலாகி, 17ஆம் நூற்றாண்டுல பிசினஸே மூட்டையைக் கட்டிடுச்சு. ராஜாவுக்கே கடன் கொடுத்த கம்பெனி போயிடுச்சு, அது கட்டுன ஏழை வீடு நிக்குது. ஏன்னா பெரிய வட்டிக்கு ஆசைப்பட்டு சூடு பட்ட பிறகு குடும்பம் அறக்கட்டளைப் பணத்தை மெதுவா நிலத்துலயும் காட்டுலயும் போட ஆரம்பிச்சாங்க. இன்னைக்கும் பெரும்பாலான வருமானம் மரம் வெட்டி விக்கிறதுலருந்துதான் வருது, மத்தது டூரிஸ்ட் டிக்கெட் மாதிரி. காட்டுல வர்ற லாபம் விலைவாசி ஏத்தம் போக வருஷத்துக்கு அரை சதவீதம், நல்லா இருந்தா ரெண்டு. இன்னைக்கு யாராச்சும் இந்த ரிட்டர்னை மியூச்சுவல் ஃபண்ட்னு சொல்லி விக்க வந்தா நாமளே விரட்டி விட்டுடுவோம். ஆனா 1923ல ஜெர்மன் காசு காகிதமாகி, பணமாவும் பத்திரமாவும் வச்சிருந்த எத்தனையோ அறக்கட்டளைங்க காணாமப் போச்சு, மரம் மட்டும் பாட்டுக்கு வளந்துட்டு இருந்துச்சு.

வாடகை ஏறாததுக்கும் பெரிய மர்மம் இல்ல. சாசனத்துல ஒரு குல்டன்னு எழுதியிருக்கு, அவ்ளோதான். குல்டன் போய் மார்க் வந்தப்போ 1.72 மார்க்னு ஆச்சு, மார்க் போய் யூரோ வந்தப்போ 88 சென்ட். பணத்தோட மதிப்பு தேஞ்சுது, எழுதுன நம்பர் அப்படியே நிக்குது, லாபம் குடியிருக்குறவங்களுக்கு.

இதே கணக்கு திருப்பி அடிச்ச கதையும் ஒண்ணு இருக்கு. ஹாலந்துல லெக்னு ஒரு ஆறு. 1648ல அந்த ஆத்தோட கரையைப் பாத்துக்குற நீர் வாரியம் கரை அரிப்பைத் தடுக்குற வேலைக்காக ஒரு கடன் பத்திரம் போட்டுச்சு, ஆட்டுத்தோல்ல எழுதி, 1000 குல்டனுக்கு. அசலைத் திருப்பித் தர்ற தேதியே கிடையாது, வட்டி மட்டும் காலாகாலத்துக்கும், யாரு பத்திரத்தைக் கொண்டு வந்து நீட்டுறாங்களோ அவங்களுக்கு. அதை 2003ல அமெரிக்காவோட யேல் யுனிவர்சிட்டி சுமார் 24,000 யூரோ கொடுத்து ஏலத்துல எடுத்துச்சு. (அந்த யேல் யாருன்னா நம்ம புனித ஜார்ஜ் கோட்டைல 1687லருந்து 1692 வரைக்கும் கவர்னரா இருந்த எலிஹு யேல். அவரு காலத்துல, 1688ல ஆரம்பிச்ச மெட்ராஸ் கார்ப்பரேஷனும் இன்னும் நமக்கு வீட்டு வரி போட்டுட்டுத்தான் இருக்கு.)

2015ல யேல்லருந்து ஒருத்தர் பத்திரத்தோட போய் 12 வருஷ வட்டியைக் கேட்டாரு, கொடுத்தாங்க: 136 யூரோ 20 சென்ட். பழைய வாரியம் வேற வாரியத்தோட சேந்துடுச்சு, ஆனா புது வாரியம் பழைய கடனை ஒத்துக்கிச்சு. வருஷத்துக்குப் பாத்தா 11 யூரோ சொச்சம், இங்க தேஞ்ச நம்பரால அடி வாங்குனது பத்திரம் வச்சிருக்குறவரு, ஃபிளைட் டிக்கெட்டுக்கே பத்தாது. போட்ட 24,000ஐ இந்த ரேட்டுல எடுக்கணும்னா 2,100 வருஷத்துக்கு மேல ஆகும். ஆனா அந்த ஊரு நீர் வாரியங்களுக்குத் தனித் தேர்தல் இருக்கு, சொந்தமா வரி போடுற அதிகாரம் இருக்கு, லெக் ஆறும் பாதி ஹாலந்தை முழுங்கத் தயாராத்தான் ஓடிட்டு இருக்கு. அதனால யேல்காரங்க அது வரைக்கும் இருந்தா வட்டி வரும்னுதான் நான் நெனைக்கிறேன்.