முட்டி வலி என்று வந்தால் இடுப்பு மூட்டையும் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து லயத்துப் பாதையில் பாட்டி வருவதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். வலது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு அந்தப் பக்கமாகச் சாயும். 30 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய உடம்பு. ராத்திரியில் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே படுப்பார். முட்டி வலி என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

எலும்பு மருத்துவரான என்னிடம், இதைப் படிக்க எத்தனை வருடம் ஆகும் என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்பை முடித்து எம்பிபிஎஸ் 5 வருடம், ஹவுஸ்மேன் என்ற பயிற்சி மருத்துவராக 2 வருடம், அப்புறம் எலும்புப் பிரிவில் எம்.ஓ. (மருத்துவ அதிகாரி) வேலை, அதன் பிறகு முதுகலை 4 வருடம். இடுப்பு, முட்டி மாற்று அறுவையில் தனிப்பயிற்சி அதற்கும் மேல். 35 வயதைத் தாண்டிவிடும். வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் தலைவலிதான்.

முதுகலையின் அடிப்படைப் பாடத் தேர்வுக்கு உடற்கூறியலைத் தனியாக உருப்போட வேண்டாம். கத்தி எந்த வழியாகப் போகிறது, வழியில் எந்த நரம்பு இருக்கிறது என்று படியுங்கள். இடுப்பு மூட்டைப் பின்பக்கமாகத் திறந்தால் சயாட்டிக் நரம்பு. பக்கவாட்டில் போனால் குளூட்டியஸ் மீடியஸ் என்ற இடுப்புத் தசைக்கு அடியில் ஓடும் மேல் குளூட்டியல் நரம்பு. இப்படிப் படித்தது எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

நான் கோட்டை விட்டது நோயாளியை வைத்து நடத்தும் தேர்வில். 60 வயது ஐயா ஒருவர், "முட்டி வலி" என்றார். நேராக முட்டிக்குப் போய்விட்டேன். மடக்கினேன், நீட்டினேன், தசைநார் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். தேர்வாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவரை நடக்கவிட்டுப் பார்த்தீர்களா?" எக்ஸ்ரேயை நீட்டினார். முட்டி நன்றாக இருந்தது. இடுப்பு மூட்டில்தான் எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. ஆப்ச்சுரேட்டர் நரம்பு இரண்டு மூட்டுக்கும் கிளை விடுகிறது, அதனால் இடுப்பு மூட்டின் வலி முட்டியில் தெரியும். இதை நானே ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! 6 மாதம் கழித்து மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

அந்த 6 மாதமும் புத்தகத்தைக் குறைத்துக்கொண்டு கிளினிக்கில் உட்கார்ந்தேன். வருகிறவர் கதவிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் நடையைப் பார்த்துவிட வேண்டும். நம் ஆட்கள் "இடுப்பு வலி" என்றால் பெரும்பாலும் கீழ்முதுகைச் சொல்கிறார்கள். இடுப்பு மூட்டு வலியைத் தொடை என்பார்கள், கவட்டை என்பார்கள். வார்த்தையை நம்பாமல், ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நோயாளியை ஒற்றைக் காலில் நிற்கவைத்து இடுப்பைப் பார்க்கும், டிரெண்டலன்பர்க் 1895இல் சொன்ன சோதனையில் பாதிப் பேர் பக்கத்தை மாற்றிச் சொல்லிவிடுவார்கள். கெட்ட காலில் நிற்கும்போது எதிர்ப்பக்க இடுப்புதான் இறங்கும். இதை ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் சொல்லிப் போனில் பதிவு செய்து, ஈப்போவிலிருந்து வீடு திரும்பும் வழியெல்லாம் கேட்டேன். தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்குத் தெரியாததைவிட, தெரிந்ததைத் தடுமாறாமல் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில், இடுப்பு மூட்டு மாற்று அறுவையின் முன்னோடியான சார்ன்லி கட்டாயம் வருவார். அவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் முதலில் வைத்த டெஃப்லான் மூட்டுக் கிண்ணங்கள் சீக்கிரமே தேய்ந்து போயின. 1962இல் பாலிஎதிலீனுக்கு மாறினார். ஆண்டோடு நிறுத்தாமல், ஏன் தேய்ந்தது, கிண்ணத்துக்குள் சுழலும் தலை ஏன் 22 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னது, அது உராய்வால் வரும் திருப்புவிசையை எப்படிக் குறைக்கிறது என்று சொல்லுங்கள். அங்கேதான் மதிப்பெண்.

தேறிய பிறகு வீட்டுக்குப் போய், கதவைப் பிடித்துக்கொண்டு வலது காலில் நிற்கச் சொன்னேன் பாட்டியை. இடது இடுப்பு இறங்கியது. எக்ஸ்ரேயும் அதையே சொன்னது.

"அப்போ இத்தன வருசமா தைலத்தத் தப்பான எடத்துலயாடா தேச்சேன்?" என்றார்.