கல் விழுந்துடுச்சா?

கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதையைப் படித்த ராத்திரியே பாசிமணியில் ஒரு கதவுப் பதக்கம் செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். 11 நம்பர் மணி, ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், குறுக்கே 18, நெடுக்கே 30, ஆக 540 மணி, ஒன்றுவிட்டு ஒன்று கோர்த்துப் பல்லுக்குப் பல் உட்காருகிற பெயோட்டித் தையல். மூன்று ராத்திரி போனது, கண் எரிந்ததுதான் மிச்சம். நான் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து அம்மா, "இன்னாடி இது, பிஸ்கட்ட கட்டித் தொங்கவுட்டுக்கினு இருக்க?" என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் பிஸ்கட்தான். அந்தக் கதையில் பிள்ளைகள் கதவில் ஏறி ஆடுவது கொஞ்ச நேரம்தானே, தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போன பிறகு வீடு வாசல் திறந்து கிடப்பதுதான் படித்தவர்களை விடாமல் பிடித்துக்கொள்கிறது. நான் போய் கதவைச் செய்திருக்கிறேன் பாருங்கள். அத்தனையும் பிரித்து வாசல் நிலையை மட்டும் கோர்த்தேன், நடுவில் ஒன்றும் இல்லை. இப்போது பார்க்கிறவர்கள் எல்லாரும் "ஐயோ, கல் விழுந்துடுச்சா?" என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

அப்புறம் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்'. கதை தெரியாதவர்களுக்கு: ராமன் கால்தூசி பட்டுக் கல்லாய்க் கிடந்த அகலிகை பெண்ணாகிறாள், பிறகு ஒரு நாள் சீதை வந்து தான் தீக்குளித்ததைச் சொல்லக் கேட்டு மறுபடி கல்லாகிப் போகிறாள். முதலும் கல், முடிவும் கல். மாலைக்கென்றே எழுதிவைத்த மாதிரி இல்லையா? மாலைக்கும் இரண்டு முனைதானே. ஒரு முனையில் வழவழப்பான சாம்பல் கல், அங்கிருந்து மெதுவாகப் பால் வெள்ளைக் கண்ணாடி, சந்தன நிறம், இளம் சிவப்பு, இடது தோள் பக்கம் வந்ததும் நாலே நாலு ஆரஞ்சு மணி, நெருப்பு அவ்வளவு போதும், அதற்குப் பிறகு சட்டென்று கல், இந்தத் தடவை மெருகு ஏற்றாத சொரசொர கல். கொக்கியை மாட்டினால் பிடரியில் இரண்டு கல்லும் முட்டிக்கொள்ளும்.

எல்லாம் சரி, எடையை யோசிக்கவே இல்லை. பின்னால் 8 மில்லிமீட்டர் கல், முன்னால் லேசான கண்ணாடி. போட்டுக்கொண்டு வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து லாங் பஜார் வரை நடப்பதற்குள் மாலை சுற்றிக்கொண்டு கொக்கி தொண்டைக்குழிக்கு வந்துவிட்டது. நகை செய்கிறவர்களுக்கு இது அரிச்சுவடி, கனமான பக்கம் கீழே இறங்கத்தான் பார்க்கும், நான்தான் கதை மயக்கத்தில் கோட்டைவிட்டேன். இன்னொரு கோளாறும் இருந்தது. கல்லின் துளை விளிம்பு கத்தி மாதிரி, நைலான் நூலை இரண்டே வாரத்தில் அறுத்துவிட்டது. கியர் வயர் என்கிற மெல்லிய கம்பிக்கு மாறி, முனையில் கிரிம்ப் மணியை நசுக்கிப் பூட்டிய பிறகுதான் நின்றது. பின்பக்கக் கல்லை 4 மில்லிமீட்டருக்குக் குறைத்து, முன்னால் கனமான கண்ணாடி மணியாக மாற்றி இன்னொன்றும் செய்தேன், அது ஒழுங்காக இருந்த இடத்தில் இருக்கிறது. ஆனால் எனக்கு என்னவோ முதல் மாலைதான் அகலிகையாகத் தெரிகிறாள்.

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' மட்டும் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. எங்கள் ஊருக்கு ஒரு பழைய பேச்சு உண்டு, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. 1981இல் ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டதால் மூன்றாவது இப்போது செல்லாது. ராஜாவுக்குத்தான் ஆள் இல்லை. அதனாலோ என்னவோ, அநாதையாக வந்து நிற்கிற அந்தச் சிறுவன் ராஜா எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரே மாதிரி மூன்று நீல மணி எடுத்துவைத்தேன். நாலாவதற்கு என் டப்பாவில் இருந்த எதுவும் பொருந்தவில்லை, எல்லாமே பளபளவென்று பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தன. கோட்டை எதிரே பாசிமணி விற்கும் நரிக்குறவர் அக்காவிடம் போய் நின்றேன். குவியலைக் கிளறிக் கிளறி ஓரம் உடைந்த ஒரு சிவப்பு மணியை எடுத்ததும், "அது ஒடைஞ்சது பாப்பா, நல்லதா எடு" என்று பிடுங்கப் பார்த்தார். இதுதான் வேண்டும் என்றேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார், உடைந்ததற்கு என்ன காசு என்று. கதையில் வீட்டுக்காரருக்கு வாங்கிய தீபாவளித் துண்டை ராஜாவுக்குக் கட்டிவிடுகிற, அந்த வீட்டுப் பிள்ளைகளின் அம்மா தாயம்மாள் நினைவுக்கு வந்தாள். கைவளையில் மூன்று நீலத்தோடு அந்தச் சிவப்பையும் கோர்த்து, ஒரு நூல்துணித் துண்டை முடிந்துவிட்டேன். அதை விற்கவில்லை.

போன வாரம் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். அம்மா பீரோவில் துழாவி அந்த முதல் அகலிகையை எடுத்துப் போட்டுக்கொண்டாள், பிஸ்கட் என்று சொன்ன அதே அம்மா. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தவள் சாம்பார் ஊற்றுவதற்குள் மூன்று தடவை கொக்கியைப் பின்னால் தள்ளிவிட்டாள். நாலாவது தடவை விட்டுவிட்டாள். கல் இரண்டும் முன்னால் தொங்க, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.