முதல் பக்கத்து அட்டவணை

போன வாரம் வேதபாடத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. "எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது என்கிறீர்களே அண்ணா, எந்தெந்தப் புத்தகம் வேதம் என்று எந்த வசனம் சொல்கிறது?" கேட்டுவிட்டு வேதாகமத்தின் முன்பக்க அட்டவணையில் விரலை வைத்தான். ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை 66 பெயர்கள். அந்தப் பக்கம் மட்டும் வசனம் இல்லை, அச்சிட்டவர்கள் சேர்த்தது.

நியாயமான கேள்வி. கத்தோலிக்கர் அட்டவணையில் 73 இருக்கிறது. இன்று நாம் புதிய ஏற்பாட்டில் வைத்திருக்கிற அதே 27 புத்தகங்களை அலெக்சந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் தன் பாஸ்கா (ஈஸ்டர்) கடிதத்தில் பட்டியலிட்டது 367இல். அதற்கு முன் எபிரெயர், 2 பேதுரு, வெளிப்படுத்தல் இவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சபைகளுக்குள் பேச்சு இருந்துகொண்டுதான் இருந்தது.

ஆனாலும் வேதம் போதும் என்றே நான் நம்புகிறேன். சபை அந்த எழுத்துகளுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை, ஏற்கெனவே இருந்த அதிகாரத்தை அடையாளம் கண்டது. ஆடு சத்தத்தை அறிந்துகொண்டதால் அவன் மேய்ப்பனாகிவிடவில்லையே.

சரி, எதற்குப் போதும்? யோவான் 20:30, 31ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். இயேசு செய்த வேறு அநேக அற்புதங்களை எழுதவில்லை என்று யோவானே ஒத்துக்கொள்கிறார், எழுதியவையோ நாம் விசுவாசித்து ஜீவனை அடைவதற்காக என்கிறார். எல்லாமும் இல்லை, ஆனால் இரட்சிப்புக்குத் தேவையானது இருக்கிறது. ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் ஆறாவது சொல்வதும் இதுதான்.

2 தெசலோனிக்கேயர் 2:15ஐ முன்பெல்லாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன். "வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது" உபதேசித்த முறைமைகளைக் கைக்கொள்ளுங்கள் என்று பவுல் எழுதுகிறார், கத்தோலிக்க நண்பர்கள் அதைக் காட்டும்போது தப்பித்து ஓடக்கூடாது. ஆனால் தெசலோனிக்கேயர் பவுலின் வாயிலிருந்தே கேட்டவர்கள். நமக்கு அந்த வாய்வார்த்தை எங்கே கிடைக்கும்? எழுதப்படாத பாரம்பரியத்தையும் வேதத்துக்கு இணையான பக்தியோடு ஏற்கவேண்டும் என்று 1546இல் கத்தோலிக்கச் சபையின் திரெந்து சங்கம் சொன்ன இடத்தில்தான் என்னால் கூடப் போக முடியவில்லை, ஏனென்றால் அது அப்போஸ்தலர் சொன்னதுதானா என்று சோதித்துப் பார்க்க என் கையில் இருப்பது அவர்கள் எழுதியது மட்டும்தான்.

அதற்காக நானும் என் வேதாகமமும் போதும் என்று கதவைச் சாத்திக்கொள்வது வேறு, அது ஆபத்து. ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்த எத்தியோப்பிய மந்திரிக்கே விளக்கிச் சொல்ல ஒரு பிலிப்பு ஏறி உட்கார வேண்டியிருந்தது. அலெக்சந்திரியாவின் மூப்பர் ஆரியுஸும் வசனம் காட்டித்தான் குமாரனைப் படைக்கப்பட்டவர் என்றார். அதற்குப் பதிலாக 325இல் நிசேயா சங்கத்தில் கூடிய ஆயர்கள் பிதாவும் குமாரனும் ஒரே தன்மையுள்ளவர்கள் என்று சொல்ல வேதத்தில் இல்லாத ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்தார்கள், வேதம் சொல்லும் அர்த்தத்தைக் காப்பாற்றுவதற்காகவே. சொல் புதிது, உபதேசம் யோவான் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது.

தம்பியிடம் அப்படி ஒரு வசனம் இல்லை என்றே சொன்னேன். அடுத்த வாரம் அவனும் நானும் யோவான் 20ஐ சேர்ந்து வாசிக்கப் போகிறோம்.