நீலக் கோட்டைச் சுற்றி ஒரு வளையம்

வரைபடத்தில் சின்ன ஓடை ஒரு மெல்லிய நீலக் கோடு, அவ்வளவுதான். எனக்கு அதைவிட, அதைச் சுற்றி யாரும் வரையாமல் விட்ட எல்லைதான் பெரிதாகப் படுகிறது.

ஓடையின் இரு பக்க மேடுகளையும் முகட்டோடு முகடாக இணைத்துக்கொண்டே போனால் ஒரு வளையம் கிடைக்கும். அதுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி. உள்ளே விழும் மழையில் ஆவியானதும் செடிகள் குடித்ததும் போக, மிச்சம் பெரும்பாலும் இந்த ஓடைக்குத்தான். முகட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த துளி வேறொரு ஓடைக்குப் போய்விடும்.

சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடம் இருந்தால் நீங்களே வரையலாம். ஓடையைக் கடக்கும்போது அந்தக் கோடுகளின் கூர்முனை மேட்டுப் பக்கம் திரும்பும். முகட்டில் பள்ளத்துப் பக்கம். இது பிடிபட்டுவிட்டால் போதும்.

வளையம் 1 சதுர கிலோமீட்டர் என்று வையுங்கள். அதில் 1 செ.மீ. மழை என்றால் 1 கோடி லிட்டர் தண்ணீர்! இலைமக்கும் வேர்களும் உள்ள மண் அதில் பெரும்பங்கை உறிஞ்சி, மெதுவாகக் கீழே விடும். மழை நின்று பல நாள் கழித்தும் ஓடை ஓடுவது அந்த நிலத்தடி நீரால்தான். மேலே கான்கிரீட் போட்டு மூடினால், மழையன்று வெள்ளம், அப்புறம் வெறும் மணல்.

கிளை எதுவும் சேராத ஓடையை முதல் வரிசை என்பார்கள். அப்படி இரண்டு சேர்ந்தால் இரண்டாம் வரிசை. ஒரு பெரிய ஆற்றையும் அதில் வந்து சேரும் எல்லா ஓடைகளையும் கூட்டினால், மொத்த நீளத்தில் ஏறக்குறைய பாதி இந்தப் பெயரில்லாத முதல் வரிசை ஓடைகள்தான். தயவுசெய்து அவற்றை மண்கொட்டி மூடாதீர்கள்.