2270 ரூபாயும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும்

2023 மே கடைசியில் கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தி, மின் கட்டணம் 2270 ரூபாய் என்றது. முந்தைய பில் 1080. வெயில் காலம்தான், ஏசி ஓடியதுதான், இருந்தாலும் இரண்டு மடங்கா?

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனிடம் காட்டினேன். அவர் வீட்டிலும் ஒரு ஏசி, ஒரு பிரிட்ஜ், எங்களைப் போலவே நான்கு பேர். அவர் கட்டியது 1695. "மீட்டரில்தான் கோளாறு தம்பி, எழுதிக் கொடு" என்றார். மனுவை எழுதியும் வைத்துவிட்டேன்.

கொடுக்கும் முன் கணக்குப் போட்டுப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. அவர் 495 யூனிட், நான் 540. 45 யூனிட்டுக்கு 575 ரூபாய் வித்தியாசம். 2022 செப்டம்பரில் வந்து அப்போது நடப்பில் இருந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500-க்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25, அதற்கடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 படியே கிடையாது. 101 முதல் 400 வரை எல்லாம் 4.50, 401 முதல் 500 வரை அதே 6, 501 முதல் 600 வரை 8. அதாவது 500 யூனிட்டுக்கு 1725, 501 யூனிட்டுக்கு 1958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! பள்ளியில் கணக்கு வாத்தியார் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

சரி, விலை புரிந்தது. யூனிட் எங்கே போயிற்று? மெயினை அணைத்தேன், மீட்டரின் சிவப்பு விளக்கு மின்னுவது நின்றது. சும்மா ஓடும் மீட்டர் இல்லை. மனு அலமாரிக்குப் போனது.

விடை இரவு இரண்டு மணிக்குக் கிடைத்தது. யாரும் தண்ணீர் திறக்காத நேரத்தில் போர்வெல் மோட்டார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. டேங்க் இறங்கினால் தானே போட்டுக்கொள்ளும் கருவியை வைத்தவனே நான்தான். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச் லைட்டோடு மீட்டர் முன்னால் உட்கார்ந்து எண்ணினேன். நிமிடத்துக்கு 53 மின்னல். 3200 மின்னினால் ஒரு யூனிட் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருந்தது. அப்படியானால் மணிக்கு ஒரு யூனிட்.

டேங்க் ஏன் இறங்குகிறது? மறுநாள் என் மனைவி ஒவ்வொரு பிளஷ் டேங்கிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். மாடியில் யாரும் புழங்காத கழிவறையின் கோப்பையில் மஞ்சள் இறங்கியது. வாஷர் தேய்ந்திருந்தது. சித்திரையில் போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விடுவதால் மோட்டாரும் நெடுநேரம் இழுக்கும். தினம் ஒன்றரை மணி நேரம் என்றாலே இரண்டு மாதத்தில் 90 யூனிட். அது இல்லாவிட்டால் 450 யூனிட், 1425 ரூபாயோடு முடிந்திருக்கும். 845 ரூபாயைச் சாக்கடையில் விட்டிருக்கிறேன். மாற்றிய வாஷர் 120 ரூபாய்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் பில்லைக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. சேலம் குகைப் பகுதியில் தங்கை இருக்கும் லைன் வீட்டில் ஐந்து குடித்தனத்துக்கும் ஒரே இணைப்பு. குடும்பத்துக்கு 100 யூனிட்தான் செலவழிக்கிறார்கள். தனித்தனி இணைப்பென்றால் ஒருவரும் ஒரு பைசா கட்ட வேண்டாம். ஒரே மீட்டரில் 500 ஆகிவிட்டதால் அன்றைய கட்டணத்தில் 1725. சிக்கனமாக இருப்பவர்களுக்கு இப்படி விழுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏற்காட்டில் அக்கா வீட்டிலோ எல்லாம் தலைகீழ். எங்களுக்கு ஏசி ஓடும் மே மாதத்தில் அவர்கள் மின்விசிறியைக்கூட அதிகம் போடுவதில்லை. மார்கழி வந்தால் 2000 வாட் கீசர் காலையிலும் மாலையிலும் ஓடுகிறது. அவர்களுக்குப் பில் ஏறுவது தையில்தான். போன பொங்கலுக்குப் போனபோது அக்கா பில்லை நீட்டினாள். நான் முதலில் மஞ்சள் டப்பா எங்கே என்று கேட்டேன்.