கச்சான் காலத்துக் குறிப்புகள்

ஜூன் 8

கச்சான் தொடங்கிவிட்டது. காலை பத்து மணிக்கே மேற்கிலிருந்து அனலாக அடிக்கிறது. இந்தக் காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையிறங்கி எங்கள் பக்கம் வருகிறது. இறங்க இறங்கச் சூடேறிக்கொண்டே வரும். நுவரெலியாவில் குடை பிடித்து நடக்கிற நாளில் மட்டக்களப்புக் கல்லடியில் ஈரத்துணி கொடியில் போட்ட கையோடு காய்ந்துவிடுகிறது. சின்னவளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. அம்மா வேப்பிலை அவித்து வார்க்கிறார். பெரியவன் பாடசாலையால் வந்தால் நேரே கிணற்றடிதான்.

ஜூன் 19

தண்ணி மோட்டர் போய்விட்டது. கிணறு வற்றி, குழாயின் அடி வெளியே தெரிகிற அளவுக்கு இறங்கியிருந்தது. மோட்டர் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்து, சூடாகி, வைண்டிங் கருகிவிட்டது. குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர் இருக்கிறது, உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். குளிக்கவும் உடுப்புத் துவைக்கவும் வாளியும் கயிறும்தான். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். சின்னவள் தன் செருப்பில் ஒன்றைக் கிணற்றுக்குள் போட்டு, 'டொப்' என்று விழும் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தாள். நான் ஓடி வருவதற்குள் மற்றதும் போயிற்று.

ஜூலை 6

வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து மாமா பாலைப்பழம் கொண்டுவந்தார். அவருடைய சிறுபோக (கோடைப் போக) வயல் கதிர் தள்ளியிருக்கிறதாம், நல்ல விளைச்சல் என்கிறார். பிள்ளைகள் இருவருக்கும் உதட்டில் பால் ஒட்டி, தேங்காயெண்ணெய் தடவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்படியும் மிச்சப் பழத்தை விடவில்லை.

ஜூலை 21

மூன்று மணிக்கு மேல் படுவான்கரைப் பக்கம் கறுத்தது. வாவிக்கு மேலே முகில் எழும்பி நின்ற உயரத்தைப் பார்த்தே அம்மா கொடியில் கிடந்ததை அள்ளினார். மேல்காற்றும் பின்னேரக் கடல்காற்றும் முட்டுகிற இடத்தில் இப்படி முகில் கட்டும். கட்டினால் மழையை விடக் காற்றும் இடியும்தான் அதிகம்.

முதல் வீச்சிலேயே பக்கத்து வளவுத் தென்னையிலிருந்து காய்ந்த மட்டை ஒன்று குசினிக் கூரையில் விழுந்து ஓடு உடைந்தது. அடுப்புக்கு நேர் மேலே ஓட்டை. சோற்றுப் பானையை இழுத்து, அண்டாவை வைத்து ஒழுக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த இடி. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. சுவரிலிருந்த ப்ளக் பொயின்ற்றில் நீலமாக ஒரு பொறி பறந்தது. கரண்ட் போனது. பெரியவன் கட்டிலுக்குக் கீழே போய்விட்டான்.

கரண்ட் இரவு எட்டரைக்கு வந்தது. பிரிஜ் மட்டும் எழும்பவில்லை. உள்ளே நேற்று வாங்கிய மீன், சின்னவளின் தயிர், நாளைக்கு அரைத்து வைத்த தோசை மா. மீனை அம்மா இரவோடு இரவாகப் பொரித்தார்.

ஜூலை 23

கரண்ட் வேலை செய்யும் தம்பி வந்து பார்த்தார். பிரிஜின் போர்ட் எரிந்திருக்கிறது. அதோடு அவர் விடவில்லை, மீற்றர் பெட்டிக்குக் கீழே தோண்டி, கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் கம்பியைக் காட்டினார். கம்பி முழுக்கக் காய்ந்த மணலுக்குள் நிற்கிறது. "அக்கா, மாரியில இது சரி. கோடையில இந்த மணல் கரண்ட இழுக்காது. ஈர மண்ணத் தொடுற வரைக்கும் இறக்கோணும்" என்றார். நீளமான கம்பியாக ஒன்றை அடித்து இறக்கினார். கீழேயிருந்து கையில் ஒட்டுகிற ஈர மணல் வந்தது. பெரியவனும் கையை விட்டுப் பார்த்தான்.

கரண்ட் திடீரென்று எகிறினால் தடுக்கிற சேர்ஜ் புரொடெக்டரும் போடச் சொன்னார். ஆனால் கிட்டத்தில் விழுகிற இடிக்கு அதெல்லாம் போதாது, மேற்கே கறுத்ததுமே ப்ளக்கைக் கழற்றுவதுதான் நிச்சயமான வழி என்றும் சொன்னார். கடற்கரையோரம் மணலில் வீடு கட்டியிருக்கிற எல்லாரும் இந்தக் கம்பியை ஒருதரம் பார்ப்பது நல்லது. இனி எங்கள் வீட்டில் ரீவி ப்ளக்கைக் கழற்றச் சொல்லி நினைவூட்டுவது பெரியவனின் வேலை.

ஆகஸ்ட் 4

ஆடி அமாவாசை. மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். என் தம்பி அப்பாவுக்காகக் குளத்தில் மூழ்கி எழுந்தான். சனத்துக்குள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்ததில் வேறு எதுவும் பார்க்க முடியவில்லை. சின்னவளுக்கு ஊதுகுழல், பெரியவனுக்குக் காற்றாடி. வானம் வெளித்தே இருந்தது.

ஆகஸ்ட் 11

இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

பின்னேரம் மறுபடியும் கறுத்தது. ப்ளக்குகளைக் கழற்றியாயிற்று, யன்னல் சாத்தியாயிற்று. பிள்ளைகளின் அப்பா வேலையால் இன்னும் வரவில்லை. பார்த்தால் சின்னவளைக் காணோம். குளியலறைக் கதவு உள்ளே கொண்டி போட்டிருந்தது. அந்தக் கொண்டியைப் போட அவளுக்கு எட்டும் என்பதே எங்களுக்கு இன்றுதான் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. உள்ளே ஒரே இருட்டு. அவள் வீரிட்டாள்.

வெளியே மழை தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. அம்மா "பயப்படாத புள்ள, பயப்படாத" என்று கதவைத் தட்டத் தட்ட அவள் இன்னும் கத்தினாள். நான் கதவை உடைக்க அலவாங்கு தேடிப் போனேன். திரும்பி வந்தால் பெரியவன் தரையில் படுத்து, கதவுக்கும் நிலத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் ரோர்ச் லைட்டைக் கொளுத்தித் தள்ளிக்கொண்டிருந்தான். இடிக்குக் கட்டிலடியில் ஒளிகிற பிள்ளை. "லைட்ட எடு. மேல அடி. கொண்டி தெரியுதா? இப்ப ஒரு இடி வரும், அது தூரத்துல. எண்ணு" என்றான். உள்ளே அவளும் வெளியே அவனுமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். ஆறில் இடி வந்தது. "ரெண்டு கிலோமீற்றர்! கிட்ட இல்ல" என்று கத்தினான். அப்புறம் கொண்டி 'டக்' என்றது.

மின்னலிலிருந்து இடி வரைக்கும் எண்ண வேண்டும், சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும், மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்று பிரிஜ் எரிந்த இரவில் அவர் சொல்லிக் கொடுத்த கணக்கு அது. எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்தால் இடி எங்களை நோக்கி வருகிறது, கூடிக்கொண்டு போனால் விலகுகிறது. வானத்தில் நடப்பது என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். 'கத்தினால் இடி விழும்' என்று வெருட்டி அடக்குகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

ஆகஸ்ட் 18

பாடசாலை விடுமுறை. இரவு கரண்ட் இல்லாத நேரம் பெரியவன் அம்மம்மாவிடம் சூறாவளிக் கதை கேட்டான். இதுவரை அம்மா பிள்ளைகளிடம் அதைச் சொன்னதில்லை. இன்று சொன்னார். 1978, நவம்பர் 23. இரவு முழுக்கக் காற்று. கூரை போன பிறகு பெரிய மேசைக்குக் கீழே குடும்பமே கிடந்தது. விடிந்து பார்த்தால் வளவில் ஒரு தென்னையும் நிமிர்ந்து நிற்கவில்லை. மட்டக்களப்பு முழுக்க அப்படித்தான், தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி சாய்ந்துபோனது.

"மறுகா என்ன செஞ்சீங்க அம்மம்மா?"

"விழுந்த தேங்காயப் பொறுக்கினம் மனே. பசிச்சிச்சு. திண்டம்."

இந்தக் கோடை இடிமழை ஒரு மணித்தியாலத்தில் அடங்கிவிடும், சூறாவளி வங்கக் கடலிலிருந்து மாரியில் வருவது, அது வேறு இது வேறு என்று அவனுக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, எங்கள் மேசை உறுதியானதா என்று ஆட்டிப் பார்த்தான்.

ஆகஸ்ட் 24

மாமா நேற்றே வயலை வெட்டி முடித்துவிட்டார். இரவு பெய்த மழைக்கு முன் நெல் வீடு சேர்ந்தது என்று விடியவே போன் எடுத்துச் சொன்னார். அவருடைய குரலைக் கேட்கவே சந்தோசமாக இருந்தது.

பிரிஜ் திருத்தி வந்துவிட்டது. மோட்டருக்குப் புது வைண்டிங். மீதி குசினிக் கூரை. பழைய அளவில் ஓடு இங்கே கிடைக்கவில்லை, செங்கலடியில் ஒரு வீடு பிரிக்கிறார்கள், அங்கே இருக்கிறதாம். பிள்ளைகளின் அப்பா நாளை போய்ப் பார்க்கிறார். பக்கத்து வளவு மச்சாளிடம் காய்ந்த மட்டைகளை வெட்டுவது பற்றிக் கதைத்தேன். மரமேறுகிறவரைப் புதன்கிழமை கூப்பிட்டிருக்கிறார், கூலி ஆளுக்குப் பாதி. குளியலறைக் கொண்டியை அவர் கழற்றி, சின்னவளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டிவிட்டார். பெரியவனுக்கும் அது எட்டவில்லை, அதனால் கதவை யாராவது காவல் காக்க வேண்டும் என்கிறான்.